பன்னிரண்டு தட்டு

மெல்ரோய்க்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவரையாவது நேரில் கண்டு, "உங்களுக்குப் பெரிய புண்ணியம்" என்று வாயாரச் சொல்லிவிட வேண்டும். சிரிக்காதீர்கள். நாற்பத்தொன்பது வயது மனிதனுக்கு ஆசைப்பட வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். என்ன செய்வது, மற்றதெல்லாம் இருந்தது. திருகோணமலை லிங்கநகரில் சொந்த வீடு, கூரை ஒழுகாது. கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டு நிற்கிற கப்பல்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் ஆட்களும் ஏற்றிப்போகிற லோஞ்சு ஓட்டுகிறார், நிரந்தர உத்தியோகம். பிள்ளைகள் இல்லை, அந்தக் குறையைத் தெரியவிடாமல் வீடு நிறையப் பேசுகிறவள் மனைவி அஞ்சலினா.

ஸ்பெயின்காரரின் கிற்றார் என்றால் மெல்ரோய்க்கு உயிர். பிளமெங்கோ என்று அதற்குப் பெயர் என்பதே போன் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. காலையில் பல் விளக்கும்போது அது, லோஞ்சு கழுவும்போது அது. ஐந்து விரல் நகமும் நரம்புகளில் விழுந்து ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை கிற்றாரின் மரத்தில் ஒரு அறை விடும். பிறகு ஒன்றுமே இராது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் மெல்ரோய் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் தொண்டை கிழிந்த ஒருவன் பாட எடுப்பான். பாஷை ஒரு சொல் விளங்காது. செத்த வீட்டில் தாய் அழுகிறபோது நமக்குப் பாஷை விளங்க வேண்டுமா? பின்னால் இருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், நம் ஆட்கள் "ஆகா" போடுகிற மாதிரி இடையிடையே ஏதோ சொல்லித் தட்டிக் கொடுப்பார்கள், கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டில்தான் மெல்ரோயின் சங்கதி இருக்கிறது.

சங்கதி இதுதான்: மெல்ரோய் திக்குவாய். எங்கள் பக்கத்தில் கொன்னை என்போம். மற்றச் சொற்களையாவது எப்படியோ தள்ளித் தள்ளி வெளியே விட்டுவிடலாம், சொந்தப் பெயர் மட்டும் வரவே வராது. பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பில் பெயர் கூப்பிடுகிற நேரம் கையை மட்டும் உயர்த்துவார். "பெயரென்ன?" என்று யாராவது கேட்டால், "மெ... மெ... மெ..." என்று நின்று, கேட்டவர் பரிதாபப்பட்டுப் போகும்வரை அங்கேயே நிற்பார். படிப்பு நின்றது. இருபத்திரண்டு வயதில் கப்பல்களில் துரு தட்டும் வேலைக்குப் போனார். நூறு சுத்தியல் இரும்பில் விழுகிற இடத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் அவருக்கு நிம்மதி.

அந்த வருடம், தொண்ணூற்றேழு என்று நினைக்கிறேன், ஏதோ ஒரு கப்பலின் சமையற்காரன் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்துக்குப் பதிலாக அவரிடம் ஒரு கசற்றைக் கொடுத்தான். மேலே பெயர் இல்லை, படம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை, கேட்க மெல்ரோய்க்கு வாயும் இல்லை. வீட்டில் போட்டுக் கேட்டார். முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் அழுதார். மூன்றாம் நாள் அந்தக் கைதட்டை எண்ணத் தொடங்கினார்.

பன்னிரண்டு. ஆனால் ஒழுங்கான பன்னிரண்டு இல்லை. மூன்றில் ஒரு அழுத்தம், ஆறில் ஒன்று, பிறகு அவசரம் வந்ததுபோல் எட்டில், பத்தில், கடைசியில் பன்னிரண்டில். கோணல் கணக்கு. ஆனால் கேட்கக் கேட்க உடம்புக்குள் இறங்கிவிடுகிற கணக்கு. கப்பலில் அவருடைய சுத்தியல் தன்பாட்டில் அப்படியே விழ ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றவர் ஒருநாள், "தம்பி, தண்ணி எங்கை?" என்று கேட்டார். "அங்கை கயித்துக்குப் பக்கத்திலை வாளியிலை இருக்கு, எடுங்கோ" என்றார் மெல்ரோய். ஒரே மூச்சில்! கேட்டவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். சொன்னவருக்குத்தான் சுத்தியல் கையை விட்டுக் கழன்று காலடியில் விழுந்தது.

தாளம் போட்டுப் பேசிப் பார் என்று முன்பே ஒரு வைத்தியர் சொல்லியிருந்தார். சமமாகத் தட்டிப் பேசினால் சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். ஊர் சிரித்தது, அதோடு விட்டுவிட்டார். இந்தக் கோணல் கணக்கு வேறு மாதிரி. மனிதர் பேச்சில் தயங்குகிற இடத்தில் இதுவும் தயங்கும், விரைகிற இடத்தில் விரையும். கடினமான சொல்லை மூன்றிலோ ஆறிலோ பத்திலோ ஏற்றிவிட்டால் போதும், கேட்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆறு மாதம் கடற்கரையில் தனியே நடந்து பழகினார். சுத்தியலை விட்டு, வலக்கைப் பெருவிரலால் சுட்டுவிரலின் பக்கத்தில் தட்டப் பழகினார். காலால் முயன்றார், சரிவரவில்லை. பெருவிரல்தான். லோஞ்சு ஓட்டும் அனுமதிக்கு றேடியோவில் பேசிக் காட்ட வேண்டும் என்றார்கள். போனார், பேசினார், தேறினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கசற்றைக் கும்பிட்டார் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

வாயைத் தந்தது ஆண்டவர், பேச்சைத் தந்தது ஸ்பெயின்காரர் என்று அவர் உறுதியாக நம்பினார். இத்தனை பெரிய உதவியை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறோமே என்ற உறுத்தல் அவரை விட்டதில்லை.

அஞ்சலினாவைக் கட்டும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் கொன்னை என்று கேள்விப்பட்டதும் கலைந்துபோயின. "இந்த முறையும் வாயைத் திறந்து கெடுத்துப்போடாதை" என்றார் தாய். வாயைத் திறக்கவே முடியாமல் இருபது வருடம் கிடந்தவனிடம் சொல்கிற பேச்சைப் பாருங்கள்! கலியாணம் நடந்தது, வருடம் பதினெட்டு ஓடிவிட்டது. சட்டைப்பைக்குள் ஓயாமல் அசைகிற பெருவிரலைக் கண்டு, "மெல்ரோயைப் பாருங்கோ, செபமாலை அவரின்ரை கையை விட்டு இறங்கிறதே இல்லை" என்று பங்குச் சுவாமியார் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெல்ரோய் தலையைக் குனிந்துகொண்டார், அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனி எப்படிச் சொல்வது? அஞ்சலினா பொய்யைப் பொறுக்கிறவள் அல்ல. வேலை கிடைத்துவிட்டது என்று பொய் சொன்ன சொந்தத் தம்பியோடு ஆறு வருடம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தவள். பதினெட்டு வருடப் பொய்க்கு எத்தனை வருடம் கதைக்காமல் இருப்பாளோ! அவள் பேச்சு நின்றுபோன வீட்டை மெல்ரோயால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தப் பயத்தில்தான் அவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்படியிருக்க, போன சித்திரையில் கோதுமைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. தண்ணீர் கொண்டுபோன மெல்ரோய், ஏணியடியில் நின்ற வெள்ளைத் தாடிக்காரரிடம் எந்த நாடு என்று சும்மா கேட்டார். தலைமை இஞ்சினியர், பெயர் அன்ஷோ, நாடு ஸ்பெயின் என்றார் அவர். மெல்ரோய்க்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நிலம் என்றும் அங்கே ஒன்றும் இல்லை, லோஞ்சுதான் ஆடிக்கொண்டிருந்தது. தெரிந்த துறைமுக இங்கிலீஷையெல்லாம் திரட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில்தான் உங்களுக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். இருபது வருடமாகக் கப்பற் சாப்பாடு சாப்பிட்ட மனிதர், உடனே ஓம் என்றார்.

விடிய எழும்பிச் சல்லிக் கடற்கரைக்குப் போய் நண்டு வாங்கி வந்தார் மெல்ரோய். அவர் போட்டிருந்த திட்டம் சுலபமானது. சாப்பிட வைப்பது, பாட்டைப் போட்டுக் காட்டுவது, அஞ்சலினா குசினிக்குள் போகிற நேரம் பார்த்து இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லி நன்றி சொல்வது. அவளுக்கு இங்கிலீஷ் ஓடாது. நன்றியும் சொன்னதாகும், குட்டும் வெளிப்படாது.

அன்ஷோ வந்தார், நண்டை உடைத்து உறிஞ்சிச் சாப்பிட்டார், அஞ்சலினாவின் மனதில் இடம் பிடித்துவிட்டார். மெல்ரோய் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, தனக்கு மிகவும் பிடித்த வாசிப்பைப் போட்டார். போட்டுவிட்டு விருந்தாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலரவில்லை. கொஞ்சம் சுளித்த மாதிரிக்கூட இருந்தது.

"இது உங்கள் நாட்டு இசை, சேர்" என்றார் மெல்ரோய்.

"நாடு என்னுடையதுதான், இசை என்னுடையதில்லை" என்றார் அன்ஷோ. "நான் வடக்கு. எங்கள் பக்கம் மழையும் மாடும். தோற்பைக்குள் காற்றை ஊதி வாசிக்கிற குழல்தான் எங்கள் வாத்தியம். இது தெற்கில் ஜிப்சி மக்களும் ஏழைகளும் வளர்த்தது. றேடியோவில் இது வந்தால் என் அப்பா எழும்பிப் போய் நிப்பாட்டுவார். மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கும் இதைக் கேட்டால் தலையிடி."

அட கடவுளே! இருபத்தேழு வருடம் காத்திருந்து பிடித்த ஆள் இவர். எங்கேயோ பிறந்த ஒருவர் வந்து, நமக்குச் சம்பந்தமே இல்லாத பாட்டுக்காக நம்மைக் கட்டிப்பிடித்தால் நாமும் இப்படித்தானே விழிப்போம்? ஸ்பெயின் என்றால் எல்லாரும் கிற்றாரோடு பிறப்பார்கள் என்று நினைத்தது மெல்ரோயின் பிழைதான். ஆனாலும் அவருடைய முகம் செத்துப்போயிற்று.

"என்னவாம் அந்தாள்?" என்றாள் அஞ்சலினா.

"அவருக்கு இது பிடிக்காதாம்."

"பிடிக்காதாமோ? ஆளைப் பாரன்! எழும்பினதிலையிருந்து படுக்குமட்டும் இந்த வீட்டிலை உந்தச் சத்தம்தான், நானே கேட்டுக்கொண்டு இருக்கிறன். சொந்தக்காரருக்குப் பிடிக்கேல்லையாம்! சரி சரி, விடுங்கோ. இன்னொரு நண்டு வையுங்கோ அவருக்கு, பாவம், நல்லாச் சாப்பிடுறார்." சொல்லிவிட்டு, மூதூர்த் தயிரும் வெல்லப்பாணியும் எடுத்துவரக் குசினிக்குள் போனாள்.

சொல்வதா விடுவதா என்று மெல்ரோய் யோசித்தார். இந்த ஆளை விட்டால் இன்னொரு ஆள் எப்போது வரும்? மேசைக்குக் கீழே பெருவிரல் அசைய, தணிந்த குரலில், இங்கிலீஷில் சொன்னார். பெயர் சொல்ல முடியாத பிள்ளையை, துரு தட்டிய சுத்தியலை, பெயரில்லாத கசற்றை, றேடியோப் பரீட்சையை. மனைவிக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். "இன்றைக்கு நான் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் உங்கள் ஆட்கள் போட்டது, சேர்" என்று முடித்தார்.

அன்ஷோ நண்டுக் காலைக் கீழே வைத்தார்.

"இதை என்னிடம் சொல்லாதே" என்றார். "இதை வாங்குகிற உரிமை எனக்கில்லை. என் அண்ணன் மகள் தெற்கே செவில்லாவில் இருக்கிறாள். அவள் தெருவில் கிற்றார்காரரும் பாட்டுக்காரரும் கூடுகிற மன்றம் ஒன்று இருக்கிறது. போனில் பேசிப் பதிந்து தா, அவள் கொண்டுபோய் அவர்களுக்குப் போட்டுக் காட்டுவாள்." தன் போனைத் தண்ணீர்க் கூசாவில் சாய்த்து வைத்தார். "இங்கிலீஷ் வேண்டாம். உன் பாஷையில் பேசு. நீ பேச முடியாமல் இருந்தது உன் பாஷையில்தானே? கருத்தை நான் எழுதி அனுப்புகிறேன்."

தமிழிலா! மெல்ரோய் குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரம் ஒலித்தது. தணிந்த குரலில் சொன்னால் கேட்காது என்று தைரியம் சொல்லிக்கொண்டார். அந்த மன்றத்து ஆட்களுக்கு வெறும் வார்த்தையை அனுப்பவும் மனம் வரவில்லை. அலுமாரியில் இருந்த பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானை எடுத்துவந்து, நம்முடைய ஆட்கள் மரியாதைக்குரியவர்களுக்குக் கொடுக்கிறபடி, இரண்டு கையாலும் நீட்டினார். இருபத்தேழு வருடத்தில் அவர் செய்த பெரிய மடைத்தனம் அதுதான். அன்ஷோ போனில் பதிவைத் தொடக்கிவிட்டு, குட்டானோடு சேர்த்து மெல்ரோயின் இரண்டு கையையும் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. விடுகிற நோக்கமே இல்லை. இஞ்சினியர் பிடி, இரும்புப் பிடி. பெருவிரல் உள்ளே அகப்பட்டுவிட்டது.

போன் ஓடிக்கொண்டிருந்தது. "பேசு" என்று கண்ணைக் காட்டினார் அன்ஷோ.

"என்ரை பேர் மெ..." என்றார் மெல்ரோய். "மெ... மெ... மெ..."

கழுத்து நரம்பு புடைத்தது, வாய் கோணியது. எத்தனை வருடத்துக்குப் பிறகு! அப்படியே அந்தப் பழைய வகுப்பறை, அப்படியே அந்த வெட்கம். கையை இழுத்துப் பார்த்தார். தேற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கினார் வெள்ளைத் தாடிக்காரர். "மெ... மெ..." கண்ணை நிமிர்த்தினால், குசினி வாசலில் தயிர்ச் சட்டியோடு அஞ்சலினா நிற்கிறாள்.

முடிந்தது என்று நினைத்தார் மெல்ரோய். பதினெட்டு வருடமும் அந்த ஒரு எழுத்தில் உடைந்து கிடக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். வாய் மட்டும் நிற்க மாட்டேன் என்று "மெ... மெ..." என்றுகொண்டிருந்தது.

சட்டியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கைதட்டு. ஒன்று, இரண்டு மெதுவாக, மூன்று ஓங்கி. நாலு, ஐந்து மெதுவாக, ஆறு ஓங்கி. எட்டு. பத்து. பன்னிரண்டு.

மெல்ரோய் கண்ணைத் திறந்தார். அஞ்சலினாதான் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டும் பிசகவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள், மூன்றில் வந்து ஓங்கித் தட்டினாள். "மெல்ரோய்" என்று பெயர் தன்பாட்டில் வெளியே விழுந்தது.

"உ... உனக்கு..."

"எனக்கென்ன எனக்கு? கலியாணத்தண்டு சுவாமியாருக்கு முன்னாலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வாக்குக் குடுத்தீங்களே, அப்ப என்ரை உள்ளங்கையிலை தட்டினது ஆர்? எனக்கு எண்ணத் தெரியாதே? பிறகு உந்தப் பாட்டைக் கேட்டன். அதே தட்டு." கை நிற்கவில்லை, தட்டியபடியேதான் கதைத்தாள். "சுவாமியார் செபமாலை எண்டு சொல்லேக்கை எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சு."

"ஏன் நீ... கே... கேக்கேல்லை? பொய்யெல்லே?"

"பொய்யோ? என்னோடை கதைக்கிறதுக்காக ஒரு மனிசன் ஒவ்வொரு நாளும் இவ்வளவு பாடுபடுறார். அது பொய்யோ? சொல்லேக்கை சொல்லட்டும் எண்டு விட்டனான்." அதட்டலாக முடித்தாள். "இப்ப சொல்லுங்கோ. அந்தாளின்ரை போன் ஓடிக்கொண்டெல்லே இருக்கு!"

மெல்ரோய் சொன்னார். மனைவியின் கைதட்டில் ஏறி ஏறிச் சொன்னார். "நான் திருகோணமலை. உங்கடை ஆக்களின்ரை ஒரு கசற் என்ரை கைக்கு வந்தது. வாசிச்சது ஆரெண்டு தெரியாது, கை தட்டினது ஆரெண்டும் தெரியாது. அதாலைதான் நான் கதைக்கிறன். அதாலைதான் கப்பலோடை கதைச்சுப் பிழைக்கிறன். அதாலைதான் இந்த மனிசியைக் கட்டினனான். நீங்கள் நல்லா இருக்கோணும். உங்கடை கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. நீங்கள் செய்தது பேருபகாரம், ஐயா."

அன்ஷோவுக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனாலும் அழுதார். அழுதுகொண்டே கையை விட்டுவிட்டு, அஞ்சலினாவோடு சேர்ந்து தானும் தட்டத் தொடங்கினார். நாலில் ஓங்கினார், ஏழில் ஓங்கினார்.

"பிழை, பிழை!" என்றாள் அஞ்சலினா. எட்டி அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். "இஞ்சை பாருங்கோ. மூண்டு, ஆறு. பிறகு கெதியா எட்டு, பத்து, பன்ரண்டு. தங்கடை நாட்டுப் பாட்டு, கை தட்டத் தெரியாது!" லிங்கநகர் வீட்டில், நண்டு ஓடுகளுக்கு நடுவில், ஸ்பெயின்காரர் ஒருவர் தன் நாட்டுத் தாளத்தை அன்றைக்குத்தான் படித்தார். மூன்றாவது சுற்றில் சரியாக வந்தது. சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார்.

பிறகுதான் போன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்தினார். திக்கல், தட்டல், அஞ்சலினாவின் பேச்சு, பிழை பிழை என்ற சத்தம், எல்லாமே பதிவாகியிருந்தன.

"அழித்துவிட்டுப் புதிதாக எடுப்போமா?" என்று கேட்டார் அன்ஷோ. "இப்போது வடிவாகப் பேசுவாய்."

மெல்ரோயின் இரண்டு கையும் மேசைமேல் இருந்தன. பெருவிரல் அசையவில்லை. அஞ்சலினாவும் தட்டவில்லை, தயிரை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வே... வே..." என்றார் மெல்ரோய். அவசரப்படவில்லை. யாரும் போய்விடப் போவதில்லை. "வே... வேண்டாம், சேர். அ... அப்படியே அனுப்புங்கோ."